கல்லாவில் வந்த நாணயங்கள்: அச்சுப் பிழையா, வெளியே பட்ட அடியா?

கேள்வி: நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பேருந்து நிலையத்துக்கு எதிரே தேநீர்க் கடை நடத்துகிறேன். கல்லாவில் சேரும் சில்லறையில் வித்தியாசமாகத் தெரிந்த நான்கு நாணயங்களை எடுத்து வைத்திருக்கிறேன். 1998ஆம் ஆண்டின் ஒரு ரூபாய் நாணயத்தில் சிங்கத்தை நேராகப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் திருப்பினால், அங்கே உள்ள ‘1’ படுத்துக் கிடக்கிறது. மஞ்சள் நிற ஐந்து ரூபாய் ஒன்றில் ஒரு பக்கம் சிங்கம் இருக்கிறது. மறுபக்கம் ஒன்றுமே இல்லாமல் வழவழவென்று இருக்கிறது. அதைத் தெருமுனை நகைக்கடையில் எடை போட்டபோது 5.14 கிராம் காட்டியது. பத்து ரூபாய் ஒன்றில் நடுவிலுள்ள வெள்ளை வட்டம் திரும்பி, சிங்கம் சாய்ந்து நிற்கிறது. 2014ஆம் ஆண்டின் இரண்டு ரூபாயில் ஆண்டு எண் இரண்டு முறை அச்சானதுபோல் தெரிகிறது. அதற்குக் கீழே எந்தக் குறியும் இல்லை. இப்படிப்பட்டவை லட்சக்கணக்கில் விலை போகும் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். ஒருவர் கைபேசியில் அழைத்து, பதிவுக் கட்டணம் கட்டினால் விற்றுத் தருவதாகவும் சொன்னார். படங்களை இணைத்திருக்கிறேன். இவை உண்மையான பிழை நாணயங்கள்தானா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள ஐயா, தங்கள் கடிதத்தையும் படங்களையும் பொறுமையாகப் பார்த்தேன். அந்தப் பதிவுக் கட்டணத்தை இதுவரை கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். மற்றதையெல்லாம் அதற்குப் பிறகு பேசலாம். நாணயங்களைப் பொறுத்தவரை, நான்கில் ஒன்று மட்டுமே, அதாவது ஒரு ரூபாய் மட்டுமே, நாணயச் சாலையில் நேர்ந்த பிழையாக இருக்க வாய்ப்புள்ளது. ஐந்தும் பத்தும் நாணயச் சாலையை விட்டு வெளியே வந்த பிறகு யாரோ ஒருவருடைய கை பட்டவை. இரண்டு ரூபாயில் தெரிவது அச்சடிக்கும்போது நேர்ந்ததுதான் என்றாலும், சேகரிப்போர் அதைப் பொருட்படுத்துவதில்லை. இந்த முடிவுகளுக்கு எப்படி வந்தேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்; கல்லாவில் தினமும் சில்லறை புரளும் உங்களுக்கு நாளைக்கு வேறொரு நாணயம் கிடைக்கும்போது அது உதவும்.

நாணயம் அடிக்கும் முறை மனத்தில் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். உலோகத்தை உருக்கி, நீண்ட பட்டையாக உருட்டி, அதிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். வில்லைகளைச் சூடேற்றி மென்மையாக்கி, விளிம்பைச் சற்றே அழுத்தித் தடித்த கரையாக மேலெழுப்புகிறார்கள். பிறகு அந்த வில்லை, காலர் எனப்படும் எஃகு வளையத்துக்குள், மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவில் அமர்கிறது. ஒரே அடியில் பூவும் தலையும் ஒருசேர விழுகின்றன. ‘ஒரே அடியில், ஒருசேர’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வில்லை வெட்டும்போதோ, அச்சு தேயும்போதோ, அடி விழும்போதோ நேரும் கோளாறு எதுவானாலும் அது நாணயத்தின் ஓரிடத்தில் மட்டும் நிற்பதில்லை. மறுபக்கத்திலோ, விளிம்பிலோ, எடையிலோ இன்னொரு சாட்சியை விட்டுச் செல்கிறது. நான் நாணயங்களைச் சோதித்துச் சொல்லும் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். ஒரு விசித்திரமான நாணயம் மேசைக்கு வந்தால், அந்த விசித்திரத்தை நான் முதலில் பார்ப்பதில்லை. அதன் சாட்சி எங்கே இருக்கிறது என்றுதான் தேடுகிறேன்.

உங்களுடைய ஐந்து ரூபாயை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் நாணயம் நாணயச் சாலையிலேயே உருவாக முடியும் என்பது உண்மைதான். இரண்டு வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், மேல் வில்லையின் மேற்புறத்தில் மட்டும் ஓர் உருவமும், கீழ் வில்லையின் கீழ்ப்புறத்தில் மட்டும் மற்றோர் உருவமும் விழும். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த பக்கங்கள் வெறுமையாகவே இருந்துவிடும். ஆனால் அப்படிப் பிறந்த நாணயத்திலிருந்து ஒரு துளி உலோகமும் குறைந்திருக்காது. 23 மில்லிமீட்டர் அளவுள்ள ஐந்து ரூபாயின் எடை 6 கிராம். நீண்ட காலப் புழக்கத்தில் தேய்ந்தாலும் அந்த எடையில் சிறு பின்னம்தான் குறையும். உங்கள் நாணயத்தில் ஏறக்குறைய 0.86 கிராம் காணாமல் போயிருக்கிறது. ஏழில் ஒரு பங்கு உலோகம் தானாகத் தேய்ந்து போகாது. யாரோ அரத்திலோ சாணைக் கல்லிலோ தேய்த்து எடுத்திருக்கிறார்கள்.

எடை மட்டும் இதைச் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், வழவழப்பான பக்கத்தில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. வெற்று வில்லையின் பரப்பு இப்படி இருக்காது. அதில் கீறல் இருந்தாலும் கண்டபடி இருக்கும், வரிசை பிடித்து ஓடாது. அந்தப் பக்கத்தில் விளிம்புக் கரை முற்றிலுமாக இல்லை. உண்மையான ஒருபக்க நாணயத்தில் வில்லைக்கு முன்பே எழுப்பப்பட்ட கரையின் தடம் ஏதாவது ஓரளவு மிஞ்சியிருக்கும். வலப்புற ஓரத்தில், விளிம்பை ஒட்டி, நகக்கண் அளவுக்கு ஒரு வளைந்த கோடு இன்னும் நிற்கிறது. அது பூ வேலைப்பாட்டின் மிச்சம். அந்த இடத்தில் அரம் சற்று மேலே தூக்கிக்கொண்டது போலிருக்கிறது. மேலும், சிங்கத்தின் பக்கம் எல்லா நுணுக்கங்களும் முழுமையாக, தெளிவாக விழுந்திருக்கின்றன. பின்னால் எஃகு அச்சுக்குப் பதிலாக இன்னொரு மெத்தென்ற வில்லை இருந்திருந்தால், உலோகம் இத்தனை நன்றாகச் சிங்கத்தின் முகத்துக்குள் ஏறியிருக்காது. உருவம் மங்கலாகவும், நாணயம் காலரை மீறிச் சற்றே அகன்றும் இருந்திருக்கும். சாட்சிகள் அத்தனையும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

இங்கே ஒரு கிளைச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் கைக்கு இதன் தம்பியும் ஒருநாள் வந்து சேரலாம். ஒரு பக்கம் சிங்கம் மேடாகவும், மறுபக்கம் அதே சிங்கம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறிப் பள்ளமாகவும் இருக்கும் நாணயங்கள் உண்டு. இதைப் புரோக்கேஜ் என்பார்கள். அடிக்கப்பட்ட நாணயம் வெளியே விழாமல் ஓர் அச்சில் ஒட்டிக்கொள்ள, அடுத்து வரும் வில்லையின் ஒரு பக்கத்தை அந்த ஒட்டிய நாணயமே அச்சாக நின்று அழுத்துவதால் இது நேர்கிறது. சேகரிப்போர் மிகவும் விரும்பும் பிழை என்பதால் போலிகளும் மிகுதி. இரண்டு நாணயங்களைச் சேர்த்துப் பட்டறைப் பிடியில் வைத்து நசுக்கினாலும் பள்ளமான ஓர் உருவம் கிடைத்துவிடும். வேறுபாட்டை அறிய ஒரே வழி, அந்தப் பள்ளத்துக்கு அடியில் பழைய உருவத்தின் எச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது. சிங்கத்தின் பள்ளத்தினூடே நசுங்கிய ‘5’ஒன்றின் வயிறு எட்டிப் பார்த்தால், அது முழுமையாக அச்சடித்து முடிந்த பிறகு நசுக்கப்பட்டது என்று பொருள். உண்மையான புரோக்கேஜில் அந்தப் பக்கத்தை எந்த அச்சும் தொட்டிருக்காது. ஆகவே அடியில் எதுவும் இருக்கவே முடியாது.

அடுத்து பத்து ரூபாய். இதைப் பார்த்தவுடன் நீங்கள் வியந்ததில் தவறில்லை. நாணயக் கண்காட்சிகளில்கூட இத்தகையவற்றைப் ‘பிழை’ என்று எழுதி வைத்து விற்பதைப் பார்த்திருக்கிறேன். பத்து ரூபாய் நாணயம் இரண்டு துண்டுகளால் ஆனது: 27 மில்லிமீட்டர் அகலமுள்ள மஞ்சள் வளையம், அதன் நடுவே வெண்ணிற வட்டம். இரண்டும் வெற்றுத் துண்டுகளாகவே, ஒன்றுக்குள் ஒன்றாக அச்சுக்குப் போகின்றன. அங்கே விழும் ஒரே அடிதான் அவற்றை ஒன்றோடொன்று இறுக்கிப் பிணைப்பதும், இரண்டின் மேலும் உருவங்களைப் பதிப்பதும். எனவே அடி விழுமுன் நடு வட்டம் எப்படித் திரும்பியிருந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் அதில் அப்போது எந்த உருவமும் இல்லை. அடி விழுந்த பிறகு, வளையத்திலுள்ள ‘பாரத்’, ‘இந்தியா’ என்ற எழுத்துகளும் நடுவிலுள்ள சிங்கமும் ஒரே அச்சிலிருந்து இறங்கியவை. அவற்றுக்குள் கோணம் மாறவே முடியாது. உங்கள் நாணயத்தில் எழுத்துகள் நேராக நிற்க, சிங்கம் மட்டும் இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அப்படியானால், முழுமையாக அச்சடிக்கப்பட்ட நாணயத்திலிருந்து நடு வட்டம் ஒருமுறை கழன்றோ கழற்றப்பட்டோ, பிறகு கோணம் தவறித் திரும்பப் பொருத்தப்பட்டிருக்கிறது. நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள்: சிங்கம் எத்தனை சாய்ந்திருக்கிறதோ, அதே அளவுக்கு மறுபக்க நடு வட்டத்திலுள்ள எண்ணும் எதிர்த்திசையில் சாய்ந்திருக்கும். இணைப்புக் கோட்டை ஒட்டிச் சுத்தியல் தட்டிய சிறு தழும்புகளும் உங்கள் படத்தில் இரண்டு இடங்களில் தெரிகின்றன.

பத்து ரூபாயில் உண்மையான பிழை வேறு மாதிரி இருக்கும். வளையத்தின் துளை சரியாக நடுவில் வெட்டப்படாமலோ, நடுத்துண்டு துளைக்குள் ஒழுங்காக அமராமலோ போனால், வெண்ணிற உலோகம் ஒரு பக்கமாக மஞ்சள் வளையத்தின் மேல் ஏறிப் படிந்து, எதிர்ப்பக்கத்தில் பிறை வடிவ இடைவெளி விழும். நிறங்களின் எல்லைதான் அங்கே தாறுமாறாக இருக்குமே தவிர, உருவம் தன் இடத்தில் ஒழுங்காக விழுந்திருக்கும்; சிங்கத்துக்கும் எழுத்துக்கும் உள்ள தூரமும் கோணமும் மற்ற நாணயங்களில் உள்ளபடியே இருக்கும். நிறம் கலைந்து உருவம் கலையாமல் இருந்தால் நாணயச் சாலையின் பக்கம் யோசிக்கலாம். உங்களுடையதில் நிறத்தின் எல்லை சரியாக இருக்கிறது, உருவம் கலைந்திருக்கிறது.

பத்து ரூபாயைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரூபாய்க் குறியீடு இல்லாமல் பதினைந்து கதிர்கள் கொண்ட நாணயத்தையும், குறியீட்டோடு பத்துக் கதிர்கள் கொண்ட நாணயத்தையும் அருகருகே வைத்து, இவற்றில் ஒன்று பிழை அல்லது போலி என்று சொல்வோர் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் குறியீடு 2010இல்தான் ஏற்கப்பட்டது; அதை வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். 2011 வரிசையிலிருந்துதான் அது நாணயங்களில் வந்தது. அதற்கு முந்தையவற்றில் அது இல்லாததே முறை. அதுவரை 14 வடிவங்களில் வெளியான பத்து ரூபாய் நாணயங்கள் அனைத்தும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. வடிவ மாற்றம் வேறு, பிழை வேறு. ஒரு ரூபாய் நாணயமே என் நினைவில் 25, 22, 20 மில்லிமீட்டர் என்று மூன்று அளவுகளில் சுருங்கியிருக்கிறது; பழைய ஒரு ரூபாயும் 2011 வரிசையின் இரண்டு ரூபாயும் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம் என்று அளவிலும் எடையிலும் ஒன்றாகவே இருக்கின்றன. இதனால் கல்லாவில் நேரும் குழப்பத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு ரூபாயின் இரட்டை எண்ணைப் பற்றிச் சுருக்கமாக. உண்மையான இரட்டை அச்சு என்பது, அச்சைத் தயாரிக்கும்போதே மூல அச்சு இருமுறை சற்று இடம் மாறிப் பதிந்துவிடுவது. அப்படிப்பட்ட அச்சில் அடித்த நாணயத்தில் எண்கள் இயல்பைவிடத் தடித்து, முனைகள் கவட்டை போல் பிளந்து, இரண்டு உருவங்களும் ஒரே உயரத்தில் உருண்டு நிற்கும். உங்கள் ‘2014’இல் எண்ணின் ஓரத்தில் தெரிவது தட்டையான ஒரு படிக்கட்டு; அந்தப் படியளவுக்கு எண்ணின் தண்டு மெலிந்தும் இருக்கிறது. அடி விழுந்து எண்கள் எழும்பிய பிறகு, தளர்ந்திருந்த அச்சு ஒரு நூலளவு வழுக்கி, எழும்பிய உலோகத்தின் ஓரத்தை நசுக்கியதால் வந்தது அது. ஆயிரக்கணக்கான நாணயங்களில் இது இருக்கிறது. முகமதிப்புக்கு மேல் இதற்கு யாரும் தரமாட்டார்கள்.

ஆண்டுக்குக் கீழே குறி இல்லாததும் பிழையன்று. இந்திய அரசின் நாணயச் சாலைகள் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் இருக்கின்றன. ஆண்டு எண்ணுக்குக் கீழே பொதுவாக மும்பைக்குச் சாய்சதுரமும், ஹைதராபாத்துக்கு நட்சத்திரமும், நொய்டாவுக்குப் புள்ளியும் இடுகிறார்கள். கொல்கத்தா எந்தக் குறியும் இடுவதில்லை. உங்கள் இரண்டு ரூபாய் கொல்கத்தாவிலிருந்து வந்திருக்கிறது, அவ்வளவுதான். நொய்டாவின் புள்ளியைப் பார்த்து அச்சில் ஓட்டை விழுந்துவிட்டது என்று எழுதியவர்களும் உண்டு. குறியில்லாத நாணயம் சென்னைத் தங்கசாலையில் அடித்ததா என்று கேட்டவர்களும் உண்டு. தங்கசாலைத் தெருவின் பெயர் கிழக்கிந்தியக் கும்பினி காலத்து மிச்சம். குடியரசு இந்தியாவின் நாணயம் எதுவும் சென்னையில் அடிக்கப்படவில்லை. உங்களுக்கு ஏதேனும் விநோதமான குறி கண்ணில் பட்டால், முதலில் அது வெளிநாட்டு நாணயச் சாலையின் குறியா என்றும் பாருங்கள். தேவை மிகுந்த காலங்களில் நம் நாணயங்களை வெளிநாடுகளிலும் அடித்து வாங்கியிருக்கிறோம். 1985ஆம் ஆண்டின் ஒரு ரூபாயில் காணப்படும் ஆங்கில ‘எச்’ எழுத்து பர்மிங்ஹாமின் ஹீட்டன் நிறுவனத்தைக் குறிப்பது.

இனி, நம்பிக்கை தரும் ஒரு ரூபாய். 1992 முதல் வெளிவந்த 25 மில்லிமீட்டர் எஃகு வகை அது. ‘1’இன் இரு புறமும் தானியக் கதிர்கள், கீழே ஆண்டு. இந்திய நாணயங்களில் பூவும் தலையும் ஒரே திசையில் நிமிர்ந்திருக்க வேண்டும். இதைச் சோதிப்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். சிங்கம் உங்களைப் பார்த்து நேராக நிற்கும்படி, நாணயத்தின் உச்சியை ஆள்காட்டி விரலாலும் அடியைக் கட்டைவிரலாலும் பிடித்துக்கொண்டு, பம்பரம் சுழல்வதுபோல் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தோசையைப் புரட்டுவதுபோல் மேலிருந்து கீழாகப் புரட்டினால், கோளாறே இல்லாத நாணயத்திலும் ‘1’ தலைகீழாகத்தான் தெரியும். அமெரிக்க நாணயங்களில் இது நேர்மாறு: அங்கே தோசை முறையில் புரட்டினால்தான் நேராக நிற்கும். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்த சென்ட் நாணயத்தைப் பிழை என்று கொண்டுவந்தவர்களை ஏமாற்றத்தோடு திருப்பி அனுப்ப வேண்டியிருந்திருக்கிறது.

பம்பர முறையில் திருப்பிய பின், நாணயத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். ‘1’இன் தலை பன்னிரண்டைக் காட்டினால் நாணயம் சரியானது. ஒரு மணி தூரம் விலகினால் 30 பாகை. மூன்று மணியைக் காட்டினால் 90 பாகை. ஆறு மணி என்றால் முற்றிலும் தலைகீழ், 180 பாகை. நீங்கள் எழுதியபடி ‘1’ படுத்துக் கிடக்கிறது என்றால், அது மூன்றையோ ஒன்பதையோ காட்ட வேண்டும். அச்சைப் பிடித்திருக்கும் பூட்டு தளர்ந்து, அச்சு தன் இருக்கையிலேயே சுழன்றுவிடுவதால் இப்படி ஆகிறது. யாரும் கவனித்து இயந்திரத்தை நிறுத்தும் வரை அது ஒவ்வொரு வில்லையிலும் அப்படியே அடித்துக்கொண்டிருக்கும். ஆகவே இந்தப் பிழை ஒற்றையாகப் பிறப்பதில்லை. 1990களின் எஃகு நாணயங்களில் இது எனக்கு அடிக்கடி வந்திருக்கிறது. பத்துப் பதினைந்து பாகைச் சாய்வை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 90 பாகையும் அதற்கு மேலும் என்றால் சேகரிப்போர் விரும்பி வாங்குவார்கள். 180க்கு விருப்பம் இன்னும் அதிகம். நல்ல நிலையிலுள்ளவை சில நூறு ரூபாய்க்குக் கைமாறுவதைப் பார்த்திருக்கிறேன். லட்சத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் இதிலும் போலி உண்டு என்பதை என் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு கண்காட்சியில், இருபுறமும் சிங்கம் உள்ள ஒரு ரூபாய் ஒன்றை, அன்றைய என் நிலைக்குப் பெரிய தொகை கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டப் போன அவசரத்தில் அது கை நழுவிச் சிமென்ட் தரையில் விழுந்தது. ‘ணங்’ என்று ஒலிக்க வேண்டியது ‘டொக்’ என்றது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது, ஒரு பக்கத்தின் கரைக்கு உட்புறத்தில் தலைமுடி அளவில் ஒரு வட்டக் கோடு சுற்றிவர ஓடியது: ஒரு நாணயத்தைக் கிண்ணம்போல் குடைந்து, இன்னொன்றைச் சீவி அதற்குள் இறக்கி ஒட்டியிருக்கிறார்கள். மேடையில் கண்கட்டு வித்தை காட்டுவோருக்காக இப்படிச் செய்வதுண்டு. சுழன்ற அச்சுப் பிழையையும் இதே வழியில் செய்துவிட முடியும். எனவே உங்கள் நாணயத்தை ஒரு நல்ல ஒரு ரூபாயோடு சேர்த்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கடப்பைக் கல்லின் மேல் ஓரடி உயரத்திலிருந்து போட்டு ஒலியைக் கேளுங்கள்; இரண்டு கரைகளின் உட்புறத்தையும் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் சுற்றிப் பாருங்கள்; எடையையும் பாருங்கள். நகைக்கடைத் தராசு 4.85க்கு அருகில் காட்ட வேண்டும். இது எஃகு நாணயம் என்பதால் காந்தத்தில் ஒட்டவும் வேண்டும்.

நீங்கள் கேட்காவிட்டாலும், கல்லாவில் கிடைக்கக்கூடிய மற்றொரு பிழையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் சாட்சி என்று நான் சொன்னதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. பட்டையிலிருந்து வில்லை வெட்டும்போது பட்டை போதிய தூரம் நகராவிட்டால், முன்பு வெட்டிய துளையின் மேல் வெட்டுக்கருவி மறுபடி இறங்கி, பிறை அளவுக்குக் கடித்தெடுத்த வில்லை கிடைக்கும். முறுக்கைக் கடித்து வைத்ததுபோல் இருக்கும் அந்த நாணயத்தை எந்தப் பட்டறையிலும் அரத்தால் செய்துவிடலாம் என்று தோன்றும். செய்யலாம், ஆனால் கடிபட்ட இடத்துக்கு நேர் எதிரே உள்ள கரையை யாரும் செய்ய முடியாது. கரை எழுப்பும் இயந்திரம் வில்லையை இருபுறமும் நெருக்கித்தான் விளிம்பை உயர்த்துகிறது; ஒரு பக்கம் உலோகமே இல்லை என்றால் நேர் எதிர்ப்பக்கத்தில் நெருக்கம் ஏற்படாது, கரையும் அங்கே மழுங்கிப் போகும். கடித்த இடத்துக்கு எதிரே கரை மழுங்கியிருந்தால் பெரும்பாலும் நாணயச் சாலை. எதிரே கரை முழுதாக, கூர்மையாக இருந்தால் அரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடிபட்ட ஓரத்தை ஒட்டிய எழுத்துகளையும் பாருங்கள்: உண்மையானதில் அவை ஓரத்தை நோக்கி இழுபட்டு வழிந்திருக்கும், போலியில் கத்தியால் வெட்டியதுபோல் சட்டென்று நிற்கும்.

இதுபோல, நாணயத்தின் பரப்பில் தெரியும் கோடுகளையும் தொட்டுப் பாருங்கள். மேடாக எழும்பிய கோடு அச்சில் விழுந்த விரிசலால் வந்தது. எஃகு கடினமான உலோகம் என்பதால் அதை அடிக்கும் அச்சுகள் விரைவில் விரிசல் விடுகின்றன, ஆகவே அப்படிப்பட்ட மெல்லிய கோடு உள்ள எஃகு நாணயங்கள் ஏராளம். பள்ளமான கோடு பெரும்பாலும் வெறும் கீறல். ஆண்டு எண்ணில் ஒரு இலக்கம் மங்கி மறைந்திருந்தால், அச்சின் குழியில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருக்கலாம். இதுவும் மலிவான பிழையே. கறுத்துப்போனது, செம்பு நிறமானது, வளைந்தது, துளையிட்டது ஆகியவற்றை நெருப்பு, அமிலம், சாலை, ரயில் தண்டவாளம் என்று ஏதாவது ஒன்றின் கணக்கில் எழுதிவிட்டு மேலே செல்லுங்கள்.

விற்பனையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிழை நாணயத்துக்கு அரசு நிர்ணயித்த விலைப்பட்டியல் எதுவும் கிடையாது. காணொளிகளில் காட்டப்படும் வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த ஐந்து, பத்து ரூபாய் நாணயங்கள் 2012இல் முறைப்படி வெளியிடப்பட்ட நினைவு நாணயங்கள். பிழையும் அல்ல, அரியவையும் அல்ல. தன் பெயரையும் முத்திரையையும் பயன்படுத்திப் பழைய நாணயம் வாங்குவதாகச் சொல்லிக் கட்டணமும் தரகும் வரியும் கேட்போரை நம்ப வேண்டாம், அத்தகைய வியாபாரத்தில் தான் ஈடுபடுவதில்லை, யாருக்கும் அனுமதி தந்ததும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. வாங்க விரும்புகிறவர் பணம் கொடுப்பார். உங்களிடம் பணம் கேட்க மாட்டார். அவ்வாறு கேட்பவரின் எண்ணை, இதுவரை பணம் இழக்காவிட்டாலும், காவல் துறையின் இணையக் குற்றப் பிரிவுக்குத் தெரிவித்துவிடுவது நல்லது.

ஒரு ரூபாயைத் தயவுசெய்து துலக்காதீர்கள். புளி, எலுமிச்சை, விபூதி, பல்துலக்கும் பசை ஆகிய நான்கும் நான் பார்த்த நல்ல நாணயங்களைப் பாழாக்கியிருக்கின்றன. துலக்கிய நாணயத்தின் மேல்தோல் போய்விடும். சோதிப்பவர் நம்பிப் பார்க்க வேண்டிய தடயமும் அதோடு போகும். தூசி இருந்தால் வெறும் தண்ணீரில் நனைத்து எடுத்து, மெல்லிய துணியில் ஒற்றி வையுங்கள், தேய்க்க வேண்டாம். விளிம்பைப் பிடித்தே கையாளுங்கள். மலிவான வழுவழுப்பான பிளாஸ்டிக் பை கூடாது, பி.வி.சி. உறைகள் நாளடைவில் பசைபோலக் கசிந்து பச்சை படியச் செய்யும். நாணயம் சேர்ப்போர் பயன்படுத்தும் அட்டை உறை போதும்.

மற்ற மூன்றையும் என்ன செய்வது? இரண்டு ரூபாயைப் புழக்கத்தில் விட்டுவிடலாம். பத்து ரூபாயின் நடு வட்டம் ஆடுகிறதா என்று அழுத்திப் பாருங்கள். ஆடினால் வாடிக்கையாளருக்குக் கொடுத்து வம்பை விலைக்கு வாங்காமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ரூபாய் நஷ்டம்தான்: உருக்குலைக்கப்பட்டதும் எடை குறைந்ததுமான நாணயம் 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி செல்லாக்காசு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் போட்டு வைப்பேன். அடுத்து வழவழப்பாக ஒன்று வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

ஒரு ரூபாயின் படங்களை மட்டும் மறுபடி எடுத்து அனுப்புங்கள். மாலை வெயிலில், கைபேசியைச் சாய்க்காமல் நேர் மேலே பிடித்து, இரு பக்கங்களையும் தனித்தனியாக எடுக்க வேண்டும்; விளிம்பையும் ஒரு படம் எடுங்கள். பம்பர முறையில் திருப்பியபின் ‘1’இன் தலை எத்தனை மணியைக் காட்டுகிறது, எடை எத்தனை கிராம், கல்லில் போட்டபோது ஒலி எப்படி இருந்தது என்று மூன்றையும் ஓர் வரியில் எழுதினால் போதும், அதை வைத்து என்ன விலை கேட்கலாம் என்பதைச் சொல்கிறேன்.